ஆளுக்கொரு டிஸ்க்

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் கணினியின் சுவிட்சைப் போட்டாள். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு இரண்டு வரி வெள்ளை எழுத்து வந்தது. தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை. டிஸ்க்கைச் செருகி ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்.

அழுத்தினாள். அதே இரண்டு வரி.

அணைத்துப் போட்டாள். அதே.

முந்தின நாள்தான் பிரித்திருந்தார்கள். அவளும் அவள் நாத்தனாரும் ஆறு வருடம் சேர்ந்து நடத்திய அச்சகம். மாடியில் ஒரே அறை. பார்வையில்லாதவர்கள் விரலால் படிக்கும் பிரெய்ல் தாள்களை அங்கே அடித்தார்கள். நாத்தனாருக்குப் படப்புத்தகம், அவளுக்குத் தேர்வுத்தாள். இருவருக்கும் ஒரே கணினி. அதற்குள் இரண்டு டிஸ்க், இரண்டு இயங்குதளம். இவளுடையது ஒன்றில், நாத்தனாருடையது மற்றதில். அமைத்ததெல்லாம் நாத்தனார்.

ஒரு மாதம் முன் தேர்வு வாரியத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். கணினியைப் பற்றி இவளிடம் ஏதோ கேட்டார். இவள் யோசிப்பதற்குள் நாத்தனார் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தாள்.

"அதெல்லாம் என்னைக் கேளுங்க சார். அண்ணிக்கு சுவிட்ச் போடத்தான் தெரியும்."

அதிகாரியும் சிரித்தார். இவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்தாள். அன்று மாலை கணவனிடம், தனித்தனியாகப் போய்விடலாம் என்றாள். வேறு காரணங்களும் இருந்தன. இது ஒன்றே போதுமாக இருந்தது.

கணவன்தான் நடுவர். அண்ணனும் கணவனும் ஒரே ஆளாக இருப்பது வசதி என்று அவன் நினைத்தான். அலமாரி, நாற்காலி, கத்தரிக்கோல் வரை பிரித்தான். கணினிப் பெட்டியும் பழைய சின்னத் திரையும் அச்சு இயந்திரமும் மனைவிக்கு. பெரிய திரையும் புதுப் பெட்டியும் தங்கைக்கு. தங்கையின் டிஸ்க்கைக் கழற்றி, தூசி துடைத்து, பஞ்சு சுற்றிக் கொடுத்தான். அவங்கவங்க டிஸ்க் அவங்கவங்களுக்கு, இதில் சண்டை வர என்ன இருக்கிறது என்றான். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது அவளுடைய டிஸ்க் பெட்டிக்குள் இருந்தது. கணினி இல்லை என்றது.

மறுநாள் காலை கணக்குத் தேர்வு. பதினொரு பிள்ளைகள் பிரெய்லில் எழுதுகிறார்கள். வினாத்தாள் பூட்டிய கோப்பாக வந்துவிட்டது. பூட்டைத் திறக்கும் மென்பொருளை வாரியத்தின் ஆள் அவளுடைய டிஸ்க்கில் ஏற்றி, பதிவு செய்துவிட்டுப் போயிருந்தார். வேறு கணினியில் திறக்காது. புதிதாகப் பதிய மூன்று நாள். வாரியத்தின் வண்டி நாலு மணிக்கு வரும். ஒரு பிரதி பதினாறு தாள், எட்டு நிமிடம். சரிபார்க்க ஒரு பிரதி, பிள்ளைகளுக்குப் பதினொன்று. நடுவே திருத்தம், கட்டுவது. பகல் ஒன்றரை மணிக்குள் இயந்திரம் ஓட ஆரம்பித்தாக வேண்டும்.

ஒன்பதரைக்குச் சரிபார்ப்பவர் வந்தார். பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர். ஐம்பது வயது. கைத்தடியைக் கதவின் பின்னால் மாட்டிவிட்டுத் தன் நாற்காலிக்கு நேராகப் போனார். நாற்காலி அங்கே இல்லை. அது பிரிவினையில் நாத்தனார் பக்கம் போயிருந்தது.

"நாட்டையே பிரிச்சிட்டீங்க போல" என்றார்.

அவள் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். திரை கறுப்பாக இருக்கிறது, ஒன்றுமே தெரியவில்லை என்றாள்.

"எனக்கு அது பழகிடுச்சு மேடம். உங்களுக்குத்தான் புதுசு."

அவள் சிரிக்கவில்லை. நிலைமையைச் சொன்னாள். தாள் போகாவிட்டால் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்டார். ஆள் வைத்து வாசித்துக் காட்டுவார்கள் என்றாள்.  தன் பள்ளித் தேர்வுக்கும் அப்படி ஒருவரைத்தான் வைத்தார்கள் என்றார் அவர். நல்ல மனிதர். கணக்கைக் கதை மாதிரி வாசித்தார். வர்க்கமூலக் குறி வந்த இடத்தில், இங்கே ஒரு டிக் போட்டிருக்கிறது, நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய் என்றார்.

"டிக்கைப் பத்தி நான் கவலைப்படல. ஆறு கணக்கு போச்சு."

அவள் அமைப்புத் திரையைத் திறந்தாள். அங்கே டிஸ்க்கின் பெயர், அளவு எல்லாம் இருந்தன. அவருக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு திரை இருக்கிறது என்றது, இன்னொரு திரை இல்லை என்றது. டிஸ்க் சாகவில்லை. அதுவரைக்கும் தெரிந்தது.

கணவனுக்குப் போன் செய்தாள். அவன் முதலில் ஒயர் கழன்றிருக்கும் என்றான். ஒயரைப் பிடுங்கி மாட்டிவிட்டாள் என்று தெரிந்ததும் தங்கையைக் கூப்பிடச் சொன்னான். அவளுக்குப் பத்து நிமிட வேலை என்றான்.

"தினம் காலையில அவ வந்து திறந்துவிட்டாத்தான் என் கடை ஓடும்னா, நேத்து எதைப் பிரிச்சீங்க?"

"கௌரவம் பாக்கற நேரமா இது?"

"பதினொண்ணரைக்கு வழி தெரியலைன்னா நானே கூப்பிடறேன். பிள்ளைங்க தாள்ல நான் கௌரவம் பாக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள். சுவர்க்கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. போனை மேசைமேல் நேரம் தெரியும்படி வைத்தாள்.

சரிபார்ப்பவர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினார்.

"தினம் காலையில சுவிட்ச் போட்ட பிறகு ஒரு சத்தம் வருமே. ஒரு சின்ன விசை, அப்புறம் பெரிய விசை. டிக், டொக். நீங்க போட்டா அப்படி. உங்க நாத்தனார் போட்டா டொக் மட்டும். இன்னைக்கு அது இல்லை."

அவள் கையைப் பார்த்தாள். ஆறு வருடம் செய்தது. கை செய்ததால் மனதில் நிற்கவில்லை. கணினி தொடங்கியதும் ஒரு பட்டியல் வரும். முதல் வரி நாத்தனாரின் இயங்குதளம், இரண்டாவது வரி அவளுடையது. கீழ் அம்பு ஒரு முறை, பிறகு என்டர். பத்து வினாடிக்குள் அழுத்தாவிட்டால் நாத்தனாருடையது திறந்துகொள்ளும். அவள் அவசரமாக ஓடிவந்து அழுத்திய நாட்கள் உண்டு.

அந்தப் பட்டியல் எந்த டிஸ்க்கில் இருந்தது?

போனில் தேடினாள். தேடும் சொல் கிடைக்கவே கால் மணி ஆயிற்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தது. எங்கோ யாரோ இதே தவறைச் செய்திருந்தார்கள். டிஸ்க்கைக் கழற்றி விற்றிருந்தார்கள். இரண்டாவதாக ஏற்றும் இயங்குதளம் தனக்கென்று துவக்கப் பகுதி அமைத்துக்கொள்வதில்லை, முதல் டிஸ்க்கில் இருப்பதிலேயே தன் துவக்கக் கோப்புகளையும் வைத்துவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில் இருந்தது நாத்தனாருடைய டிஸ்க். ஒரு வாரம் கழித்துத்தான் அவளுடையதைச் சேர்த்தார்கள்.

அவளுடைய கோப்புகள் எல்லாம் இங்கே இருந்தன. உள்ளே போகும் வாசல் மட்டும் பஞ்சு சுற்றி நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தது.

வாசலை இந்த டிஸ்க்கிலேயே புதிதாக அமைக்கலாம் என்றும் அந்த மனிதர் எழுதியிருந்தார். ஒன்பது கட்டளை. அதற்கு ஒரு மீட்புப் பென்டிரைவ் வேண்டும். அதைத் தயாரிக்க ஓடுகிற கணினி ஒன்று வேண்டும்.

மணி பத்தே கால். கீழே டிரைவிங் ஸ்கூல் இருந்தது. நடத்துகிறவரை அந்தத் தெருவே கிளட்ச் என்று கூப்பிடும். நாள் முழுக்க அவர் சொல்கிற வார்த்தை அது.

"அண்ணே, உங்க கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் வேணும்."

கிளட்ச் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தக் கணினி சாலைக் குறிகளைக் காட்டத்தான் இருந்தது. ஆறு பேர் அம்புக்குறி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வீட்டு வண்டி நின்னு போச்சா?"

"ஸ்டார்ட் ஆகலை."

"கிளட்சை மிதிச்சீங்களா?" என்றார். ஆனால் எழுந்து இடம் விட்டார். ஆறு பேரையும் நிஜ அம்புக்குறியைப் பார்க்கத் தெருவுக்கு அனுப்பினார்.

பதிவிறக்கம் மெதுவாக நகர்ந்தது. முப்பது சதவீதத்தில் நின்றது. மறுபடி நகர்ந்தது. அவள் எழுந்து போகவில்லை. ஒன்பது கட்டளைகளையும் ஒரு தாளில் எழுதினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது என்ன செய்கிறது என்று தேடிப் படித்து எழுதினாள். டிஸ்க்குகளைப் பட்டியலிடு. டிஸ்க்கைத் தேர்ந்தெடு. அதில் பகுதியைத் தேர்ந்தெடு. ஓரத்தில் கொஞ்சம் இடம் சுருக்கு. அந்த இடத்தைத் துவக்கப் பகுதியாக்கு. அந்தப் பகுதியை மட்டும் சுத்தம் செய். அதற்கு சி, டி போல ஓர் எழுத்துப் பெயர் வை. டிஸ்க் கருவியை விட்டு வெளியே வா. கோப்புகளை அங்கே எழுது. புரியாத ஒன்றைக்கூட அழுத்தக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

பதினொன்றரை ஆயிற்று. கணவனிடம் சொன்ன நேரம். அவனிடமிருந்து செய்தி வந்தது: கூப்பிட்டாயா? வழி தெரிந்துவிட்டது என்று பதில் போட்டாள். தெரிந்தது வழி மட்டும்தான். பன்னிரண்டரைக்குக் கட்டளை அடிக்க ஆரம்பிக்க முடியாவிட்டால் நாத்தனாரைக் கூப்பிடுவது என்று தாளின் மூலையில் எழுதி வைத்தாள்.

பதினொன்றே ஐம்பதுக்குப் பென்டிரைவ் தயாரானது.

மேலே வந்து செருகினாள். நீலத்திரை வந்தது. நடுவில் பெரிய பொத்தான்: புதிதாக நிறுவு. அதை அழுத்தினால் எல்லாம் போய்விடும், பூட்டைத் திறக்கும் மென்பொருளும் சேர்த்து. மூலையில் சின்ன எழுத்தில்: பழுதுபார். அதை அழுத்தினாள். பன்னிரண்டு நிமிடம் புள்ளிகள் சுற்றின. பழுதுபார்க்க முடியவில்லை என்றது. காரணம் சொல்லவில்லை.

கட்டளைச் சாளரத்தைத் திறந்தாள். மறுபடி கறுப்பு. இந்த முறை ஓரத்தில் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னியது. மணி பன்னிரண்டரை ஆக நாலு நிமிடம்.

 கட்டளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"சார், நம்ம வழக்கப்படி பண்ணலாமா?"

அவர்கள் வினாத்தாளைச் சரிபார்க்கும் முறை ஒன்று உண்டு. அவள் மூலத்தைச் சத்தமாக வாசிப்பாள். அவர் அடித்த தாளை விரலால் தடவுவார். இரண்டும் ஒன்றாக இருந்தால், ம் என்பார். ம் வராமல் அவள் அடுத்த வரிக்குப் போகமாட்டாள். ஆறு வருடத்தில் அவர் ம் சொன்ன வரியில் ஒரு பிழை போனதில்லை.

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் தாளில் இருந்த முதல் கட்டளையை எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு அடித்தாள். அடித்ததைத் திரையிலிருந்து எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

"ம்."

என்டர். இரண்டு டிஸ்க் பட்டியலில் வந்தன. ஒன்று பெரியது, அவளுடையது. மற்றது பென்டிரைவ். பெரியதைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை.

"எதுன்னு மறுபடி சொல்லுங்க" என்றார்.

"சைபர். பெரிய டிஸ்க்."

"பேரைச் சொல்லாதீங்க. அளவைச் சொல்லுங்க."

சொன்னாள். காலையில் அமைப்புத் திரையில் பார்த்ததாக அவள் சொல்லியிருந்த அளவுதான் அது. அவர் ம் என்றார்.

பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை. ம். சுருக்கும் கட்டளைக்குப் பிறகு கோடு மின்னிக்கொண்டே இருந்தது. அவள் எண்ண ஆரம்பித்தாள். எழுபது எண்ணியதும் முடிந்தது என்று வந்தது. துவக்கப் பகுதி. ம். சுத்தம் செய்யும் கட்டளையில் அவர் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறைதான் ம் வந்தது. எழுத்துப் பெயர். ம்.

எட்டாவது கட்டளை டிஸ்க் கருவியிலிருந்து வெளியே வர. ஒன்பதாவதுதான் வேலை. கோப்புகளை எழுதும் கட்டளை. வாசித்தாள், அடித்தாள், வாசித்தாள். ம். என்டர்.

துவக்கக் கோப்புகளை எழுத முடியவில்லை என்று வந்தது.

மறுபடி அடித்தாள். மறுபடி அதே.

கீழே கிளட்ச் யாரையோ கத்தினார். மிதி, மிதி. தெருவில் வண்டி ஒன்று உறுமி நின்றது.

"நான் சரியாத்தான் கேட்டேன்" என்றார் சரிபார்ப்பவர். "மூலத்துல இருந்தது அப்படியே இருந்துச்சு."

"அப்போ மூலம் தப்பு."

"அது என் வேலை இல்லை மேடம். அது வினாத்தாள் எடுக்கறவங்க வேலை."

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். ஒன்பதாவது வரியில், அவளுடைய இயங்குதளம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் சி என்று எழுதியிருந்தார். அவளும் அப்படியே அடித்தாள். அது அவருடைய கணினி. அவருடைய சி.

சி என்பதில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கட்டளையைப் போனில் தேடினாள். அடித்தாள். எதுவும் இல்லை. டி என்று அடித்தாள். பட்டியல் வந்தது. நாலாவதாக, தேர்வு என்ற கோப்புறை. அவள் பெயர் வைத்தது. உள்ளே போன வருடத்துத் தாள்கள்.

மீட்புப் பென்டிரைவிலிருந்து தொடங்கியதில் எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான். அவள் கொஞ்ச நேரம் தேர்வு என்ற சொல்லையே பார்த்தாள்.

ஒன்பதாவது கட்டளையை, சி என்பதற்குப் பதில் டி போட்டு அடித்தாள். வாசித்தாள்.

அவர் ம் சொல்லவில்லை.

"மூலத்துல சி."

"மூலத்தைத் திருத்திட்டேன்."

"யார் கையெழுத்து?"

"என்னோடது."

"ம்" என்றார்.

என்டர். ஒரு வரி வந்தது. துவக்கக் கோப்புகள் எழுதப்பட்டன. அவள் அதை வாசித்துக் காட்டினாள்.  அவர் அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தார்.

கணினியை மறுபடி தொடங்கினாள். கறுப்பு. விசிறி. பிறகு அவளுடைய நீலநிறப் பின்னணியும் தொடக்க ஒலியும் சேர்ந்து வந்தன. மணி ஒன்றே கால்.

பென்டிரைவ் செருகியபடியே இருந்தது. அது இருப்பதால்தான் தொடங்கியதா, இல்லாமலும் தொடங்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சோதிக்க நேரம் இல்லை. அதைத் தொடக்கூடாது என்று ஒரு காகிதத்தை மடித்து அதன்மேல் சாய்த்து வைத்தாள்.

பூட்டு திறந்தது. இயந்திரம் தாளை இழுத்தது. ஆணி அடிப்பது போன்ற சத்தம் அறையை நிறைத்தது. முதல் பிரதியை அவர் கையில் கொடுத்தாள். வாசித்தாள். ம். வாசித்தாள். ம். ஒன்பதாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. வர்க்கமூலக் குறி முடியும் இடத்தில் ஒரு புள்ளி அடிபடவில்லை. அது இல்லாவிட்டால் குறி எதுவரை போகிறது என்று தெரியாது. அந்தத் தாளை மறுபடி அடித்தாள். புள்ளி வந்தது. அவர் இரண்டு முறை தடவினார்.

இரண்டரை மணிக்கு ஐந்தாவது பிரதி ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாத்தனார். அவள் இயந்திரத்திலிருந்து தள்ளிப்போய், ஜன்னலோரம் நின்று எடுத்தாள்.

"அண்ணி, என் டிஸ்க்ல என்ன பண்ணி வச்சீங்க?"

இவள் ஒன்றும் செய்யவில்லை என்றாள். நாத்தனார் நம்பவில்லை. நேற்று மாலையிலிருந்து தன்னுடையது தொடங்கவில்லை, பட்டியல் வருகிறது, தன் வரியை அழுத்தினால் ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருக்கிறது, பிறகு கறுப்புத் திரையில் விழுகிறது என்றாள். ராத்திரி தூங்கவில்லை என்று குரலே சொன்னது. பிரிவதற்கு முந்தின நாள் இவள் தனியாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்ததைத் தான் பார்த்ததாகவும் சொன்னாள்.

காலையில் இவளுக்கும் நாத்தனார் மேல் அதே சந்தேகம் ஒரு நிமிடம் வந்தது. அதை இவள் சொல்லவில்லை. காத்திருக்கிறது என்ற வார்த்தையை யோசித்தாள்.

"பொது ஃபோல்டர் எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

இருவரும் பயன்படுத்திய கோப்புகளை வைத்த இடம் அது. எந்தப் பக்கத்திலிருந்தும் திறக்கும்படி நாத்தனார் அமைத்தது.

 பின்னால் இயந்திரம் அடித்துக்கொண்டிருந்தது.

"உங்க டிஸ்க்ல."

"அதைத்தான் தேடுது."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு வரியை நீக்குவது நாத்தனாருக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. தொடக்க ஒலி கேட்டது. நாத்தனார் மூச்சு விட்டாள்.

"அண்ணன் பிரிச்ச லட்சணம்" என்றாள்.

"தூசி துடைச்சுக் குடுத்தாரே."

இருவரும் சிரிக்கும் அளவுக்குப் போய் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு நாத்தனார் மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல், அப்படியென்றால் அண்ணியின் துவக்கக் கோப்புகள் தன் டிஸ்க்கில்தானே இருக்க வேண்டும் என்றாள். கேட்டுக்கொண்டிருந்த ஆணிச் சத்தம் என்ன என்பது அப்போதுதான் நாத்தனாருக்கு உறைத்தது.

"அண்ணி, உங்களோடது ஓடுதே. எப்படி ஆன் பண்ணீங்க?"

"சுவிட்ச் போட்டேன்."

 நாளைக்குக் கணக்குப் பரீட்சைதானே என்று நாத்தனார் கேட்டாள். ஆமாம் என்றாள். சரி என்று வைத்துவிட்டாள்.

நாலு மணி ஆக இரண்டு நிமிடம் இருக்கும்போது வண்டி வந்தது. பதினொரு கட்டு. வாரியத்தின் ஆள் எண்ணி, அரக்கு வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கினார். கீழே கிளட்ச் அவருடைய வண்டியைப் பின்னால் எடுப்பதற்குக் கை காட்டினார்.

போனில் ஒரு படம் வந்திருந்தது. நாத்தனாரின் திரை. பட்டியல். முதல் வரி அவளுடையது. இரண்டாவது வரியில் இவளுடைய இயங்குதளத்தின் பெயர் இன்னும் இருந்தது. கீழே நாத்தனார் எழுதியிருந்தாள்: இதை எடுத்துடவா?

இவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறு வருடம் கீழ் அம்பை அழுத்தி வந்து சேர்ந்த வரி.

எடுத்துடு, என்று எழுதினாள். அனுப்பினாள். பிறகு இன்னொன்று எழுதினாள்: பத்து செகண்ட் மிச்சம்.

சரிபார்ப்பவர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். ஐந்து மணி பேருந்து அவருக்கு. கைத்தடியை எடுக்கக் கதவுப் பக்கம் போனவர், கணினி அணையும் சத்தம் கேட்டு நின்றார்.

"ஏன் அணைக்கறீங்க? ஓடிட்டுத்தானே இருந்துச்சு."

அவள் மடித்த காகிதத்தை எடுத்தாள். பென்டிரைவைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். அவர் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

சுவிட்சைப் போட்டாள்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாக இருந்தது. பட்டியல் எதுவும் வரவில்லை. அம்பு விசைக்குக் கை தானாகப் போயிற்று. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தொடக்க ஒலி வந்தது.

"ம்" என்றார் சரிபார்ப்பவர். தடியைத் தட்டிக்கொண்டு படியிறங்கினார்.